காமன் கணையில் இல்லாத பூக்கள்

மாசி பிறந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. மன்மதன் கையில் கரும்பு வில். கணைகளோ தாமரை, அசோகு, மா, முல்லை, நீலம். எல்லாம் கீழ்நாட்டுப் பூக்கள். நுவரெலியாக் குளிரில் மாமரமே தயங்கும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து நடந்து வந்த சனம் காமன் கதையைக் கொண்டுவந்தது. மாலைக்குக் கிடைத்ததோ லயத்து வாசல் செண்டுமல்லிதான்.

அந்த மஞ்சள் பூவும் வந்தேறிதான். பிறந்த மண் மெக்சிகோ. ஆஸ்தெக்குகள் சடங்கில் வைத்த பூ. இன்றும் அங்கே செத்தவர்களுக்கு வழிகாட்ட, நவம்பர் 1, 2இல் கல்லறையெங்கும் தூவுகிறார்கள். எங்களுக்கு மாரியம்மனுக்கும் அதுதான், பாடைக்கும் அதுதான். “சாமிக்குப் பறிச்சத மோந்து பாக்காதடி” என்பார் அம்மாயி. பாடைக்குப் பறித்ததை யார் மோந்தார்கள்!

தோட்டத் துரை பங்களாவைச் சுற்றி ஹைட்ரேஞ்சியா. ஜப்பானில் மழைக்காலத்தின் அடையாளம் அது. இங்கே எங்களுக்கு அதிகாரத்தின் அடையாளம். அதன் நீலம் மண் கொடுத்தது. தேயிலை கேட்பது அமில மண், பிஎச் 4.5 முதல் 5.5 வரை. அந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரேறும், பூ நீலமாகும். சுண்ணாம்பைப் போட்டால் அதே செடி ரோசாவாகப் பூக்கும்.

தேயிலையும் பூக்கும்: வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து. கவ்வாத்தும் கொழுந்துப் பறிப்பும் அதைத் தலைகாட்ட விடுவதில்லை. மலை பூத்துக் கிடந்தால் பராமரிப்பு இல்லையென்று அர்த்தம். கங்காணிக்குத்தான் ஏச்சு விழும்.