வாசகர் சங்கம், கல்முனை

ராத்தாவின் இளைய மகன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறான். சில நாட்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, எங்கட ஊர்ப் பக்கத்தைப் பற்றி நல்ல ஆய்வு நூல் ஏதும் இருக்கா?" என்று கேட்டான். டெனிஸ் மெக்கில்வ்ரேயின் ஆங்கில நூலைச் சொன்னேன். கிழக்குக் கரையின் தமிழ், முஸ்லிம் சமூகங்களைப் பற்றிய அந்தப் பெருநூலை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அச்சகம் 2008இல் வெளியிட்டது. குறித்துக்கொண்டவன், "அப்ப எங்கட ஊர் வெளியிட்ட புத்தகம் ஒண்டும் இல்லையா?" என்றான். அந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெக்கில்வ்ரே. கொலராடோ பல்கலைக்கழக மானிடவியலாளரான அவர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து களஆய்வைத் தொடங்கினார். நூல் வெளிவந்தபோது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இடையில் ஒரு போர் நிகழ்ந்து, ஒரே தெருவின் இரு முனைகளிலும் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அஞ்சும் காலமும் வந்தது. அந்தக் காலத்துக்கு முன்னும் பின்னும் இரு சமூகங்களையும் பார்த்தவர் என்பதே அவரது நூலின் பலம். இருவரும் தாய்வழியாகவே குடி எண்ணுகிறோம். இருவரும் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு வரவழைக்கிறோம். கோயிலில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர் என்று குடிவழியில் பொறுப்பும் மரியாதையும் பெறுகிறோம். 2019இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் நடந்த நாட்களில், ஒரே குடிமரபில் வந்தவர்கள் ஓர் அலுவலக எல்லைக்காக இப்படிப் பிரிந்து நிற்கிறோமே என்று எண்ணிக்கொண்டு அந்தப் பக்கங்களை மீண்டும் படித்தேன்.

ஆனால் இந்தக் கரையின் அறிவை அயலூர்ப் பதிப்பகங்களே அச்சேற்றின என்பது பழைய கதை. கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். அவரது நீண்டகால இசை ஆராய்ச்சியின் பயனான 'யாழ் நூல்' 1947 ஜூனில் தமிழ்நாட்டில் அரங்கேறியது. அதைப் பதிப்பித்தது தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம். அடுத்த மாதமே அவர் மறைந்தார். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் யாழ்ப்பாணத்துக் குரும்பசிட்டியிலிருந்து வெளிவந்தது. எழுதும் கை இங்கிருந்தது. பதிப்பிக்கும் கை வேறெங்கோ இருந்தது.

இந்த வழக்கத்தைத் தம்மால் இயன்ற அளவு மாற்றியவர் கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான். கவிஞர் மஹாகவியோடு சேர்ந்து 1969இல் 'கவிஞன்' என்ற கவிதை இதழைத் தொடங்கினார். வாசகர் சங்க வெளியீடு என்ற பெயரில் நூல்கள் வரத் தொடங்கியதும் அக்காலத்திலேதான். மஹாகவியின் பா நாடகமான 'கோடை' 1970இல் வந்தது. நுஃமான், மௌனகுரு, சித்திரலேகா ஆகியோர் எழுதிய 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' 1979இல் வந்தது. ஈழத்து இலக்கிய வரலாற்றைக் கற்போர் இன்றும் கடந்துபோக முடியாத நூல் அது. 1981இல் நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' வந்தது. 1999இல் அவரது 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' வந்தது. பல்கலைக்கழக நிதியும் விற்பனைக் கிளைகளும் இல்லாத ஒரு சிற்றூர் முகவரி, நாடகமும் வரலாறும் மொழிபெயர்ப்பும் இலக்கணமும் தந்தது.

இவற்றை ஏன் என் மருமகன் கண்டதில்லை? விடை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

வாப்பா ஆசிரியர். ஊரில் வெளிவந்த எதையும் வாங்காமல் விடமாட்டார். மஹ்மூத் தர்வீஷை நான் முதலில் படித்தது அவரது அலுமாரியில் இருந்த பிரதியில்தான். ராத்தாவின் திருமணத்தோடு வீடு அவருக்குரியதாயிற்று. நான் மணமுடித்து மனைவியின் வீட்டுக்குப் போனேன். ஊர் வழக்கம் அது. அலுமாரி ராத்தாவின் வீட்டிலேயே இருந்தது. "பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்று பல ஆண்டுகள் சொன்னேன். வீடு கடற்கரையோரம். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. கைக்குழந்தையாக இருந்த இந்த மகனைத் தூக்கிக்கொண்டு ராத்தா உயிர்தப்பினார். இலங்கையில் ஆகக் கூடுதலானோர் உயிரிழந்தது அம்பாறை மாவட்டத்திலேதான், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்நாட்களில் நூல்களைப் பற்றி வாய்திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் அது ஒரு சிறிய இழப்பு என்றே சொல்வேன். ஆயினும் அந்த அலுமாரியைப் போல எத்தனை அலுமாரிகள் அன்று போயின என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன, உலகம் அறிந்தது. வீட்டு நூலகங்களின் அழிவு அப்படி அறியப்படுவதில்லை. டியூக் வெளியிட்ட நூல் உலகின் பல நூலகங்களில் இருக்கிறது, அது அழியாது. கல்முனை வெளியிட்ட நூல் சில நூறு வீடுகளில் மட்டுமே இருந்தது. அந்த வீடுகளோடு அதுவும் போனது. பெரிய பதிப்பகத்துக்கும் சிறிய பதிப்பகத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தாளின் தரமோ அட்டையின் அழகோ அல்ல என்பதை நான் இப்படித்தான் கற்றேன்.

ஆறுதல் ஒன்றுண்டு. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக மின்வடிவாக்கி இலவசமாகத் தருகிறது. அதில் தேடும்படி மருமகனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்பக்கத்தைப் படிக்கும் நண்பர்கள் லண்டனிலும் தொரொன்டோவிலும் டோஹாவிலும் இருக்கிறீர்கள். ஊரைவிட்டுப் புறப்பட்டபோது பெட்டியின் அடியில் ஒரு மெல்லிய நூலையோ இதழையோ வைத்துக்கொண்டு போனவர்கள் உங்களில் இருக்கக்கூடும். அதன் முதற்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'கல்முனை' என்று முகவரி இருந்தால், உங்களிடம் இருப்பது மிஞ்சியுள்ள சில பிரதிகளில் ஒன்றாகலாம். "பிறகு" என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் வைத்தேன்.