தீனபந்து ஆண்ட்ரூஸ்

மனிதரை நிறத்தால் தரம் பிரிக்கும் கொடுமை நிலவிய நாடுகள் பலவற்றில், சமயத்தின் பெயரும் அதனோடு சேர்ந்தே ஒலித்திருக்கிறது. அடிமையை விலைக்கு வாங்கியவனும் ஞாயிறுதோறும் ஆலயம் சென்றான். அடிமைத்தளையை அறுக்க எழுந்தவர்களுள் பலரும் அதே ஆலயத்திலிருந்து வந்தவர்களே. ஒரே வேதத்தை ஓதிய இருவர் எதிரெதிர்த் திசையில் நடந்தது எங்ஙனம்? மாணவ நண்பர்களே, இவ்வினாவுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு விடை காண முயல்கிறேன். அவர்தாம் தீனபந்து ஸி. எப். ஆண்ட்ரூஸ்.

1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் பயிலும்போதே, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எழும் பூசலைக் கிறிஸ்தவம் எவ்வாறு நோக்கவேண்டும் என்பதை ஆராய்ந்து பரிசுக் கட்டுரை எழுதினார். எழுதியதோடு அமையாமல், லண்டன் மாநகரின் வால்வொர்த் பகுதியில் ஏழை மக்களிடையே வாழ்ந்து தொண்டு புரிந்தார். 1904-ஆம் ஆண்டில் டில்லி தூய ஸ்டீபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். இரண்டாண்டு கழித்து அக்கல்லூரிக்கு முதல்வர் தேவைப்பட்டபோது, ஆங்கிலேயரையே அமர்த்தவேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. ஆண்ட்ரூஸோ, பல்லாண்டுகளாக அங்கே பணிபுரிந்த சுசீல் குமார் ருத்ரரே அதற்கு உரியவர் என்று வாதாடினார். ருத்ரர் முதல்வரானார், ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே மகிழ்ச்சியோடு பணியாற்றினார். சமத்துவத்தைப் பேசுவோர் பலர். தமக்குக் கிட்டக்கூடிய பதவியைச் சமத்துவத்துக்காக விட்டுக்கொடுப்போர் சிலரே.

அவரது பெயரைக் கடல்கடந்த நாடுகளில் பரப்பியது ஒப்பந்தக் கூலிமுறையை எதிர்த்த போராட்டம். 1860-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் நேட்டால் நாட்டுக்குச் சென்றனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தக் காலம் முடிந்தும் அங்கேயே வாழ விரும்பியவர் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி செலுத்த வேண்டும் என்று பின்னர் சட்டம் பிறந்தது. 1913-இல் காந்தியடிகள் தலைமையில் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் மூண்டது. கோகலேயின் விருப்பத்திற்கிணங்க ஆண்ட்ரூஸும் அவர் நண்பர் பியர்ஸனும் கப்பலேறினர்.

1914 ஜனவரியில் டர்பன் துறையில் இறங்கிய ஆண்ட்ரூஸ், காந்தியடிகளைக் கண்டதும் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். வெள்ளையர் பலர் இதனைத் தம் இனத்துக்கே நேர்ந்த இழிவாகக் கருதிச் சினந்தனர். அவ்வாறு சினந்தவர்களும் தம்மைக் கிறிஸ்தவர் என்றே சொல்லிக்கொண்டவர்கள். தம் குருநாதர் சீடரின் பாதங்களைக் கழுவியவர் என்பதை அவர்கள் மறந்தனர், ஆண்ட்ரூஸ் மறக்கவில்லை. அந்நாட்களிலேயே இங்கிலாந்தில் அவருடைய அன்னையார் காலமானார். துயரை நெஞ்சில் அடக்கிக்கொண்டு அவர் சமரசப் பேச்சுக்குத் துணைநின்றார். அவ்வாண்டிலேயே மூன்று பவுன் வரி ஒழிந்தது.

அடுத்து அவர் சென்றது பிஜித் தீவு. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நம் பாரதியார் பாட்டில் வைத்து இரங்கிய தோட்டங்கள் அவைதாம். 1915-இல் ஆண்ட்ரூஸ் பியர்ஸனுடன் அங்குச் சென்று, குடியிருப்பு வரிசைகளில் நுழைந்து, தொழிலாளரிடமும் முதலாளிகளிடமும் உசாவி ஓர் அறிக்கை எழுதினார். ஆள்கட்டிகள் பொய் சொல்லி ஆள் சேர்த்தமை, நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிர் என்ற விதியால் குடும்ப வாழ்வு குலைந்தமை, குறித்த வேலையை முடிக்காதவரைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பியமை, தற்கொலைகள் மலிந்தமை ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன.

அவர் இன்னும் சற்று வசதியான குடிசைகளையும் ஒரு மருத்துவமனையையும் கேட்டுத் திரும்பியிருக்கலாம். தோட்ட முதலாளிகளும் மனமுவந்து இசைந்திருப்பர். ஆனால், முறையே தீயது, அது வேரோடு ஒழியவேண்டும் என்றார் அவர். தருமத்துக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தருமம் புண்ணுக்கு மருந்திடுகிறது. நீதியோ, புண் ஏன் உண்டாயிற்று என்று கேட்கிறது. 1916 மார்ச்சில் இம்முறையை ஒழிக்கவேண்டும் என்று மாளவியர் சட்டசபையில் தீர்மானம் கொணர்ந்தார். அரசாங்கம் கொள்கையளவில் இசைந்தது. சொல்லைச் செயலாக்குவதற்குத் தாமதம் நேரவே, ஆண்ட்ரூஸ் 1917-இல் மீண்டும் பிஜி சென்றார். ஆஸ்திரேலியப் பெண்மணிகளின் மனச்சான்றையும் தட்டி எழுப்பினார். 1920 ஜனவரி முதல் நாளன்று பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன.

இவ்வெற்றியின் எல்லையையும் நாம் உணரவேண்டும். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்மேல் சுமத்திய வரி ஒழிந்ததேயன்றி, அம்மண்ணின் மக்களாகிய ஆப்பிரிக்கரின் நிலங்களைப் பறித்த 1913-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழியவில்லை. அவர்களும் வாக்களிக்க 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. பிஜித் தொழிலாளரைப் பற்றியும் பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் ஒன்று கூறுவர்: அவர்கள் வீழ்ச்சியையே மிகுதியாகப் பேசிய அறிக்கைகள், அத்துயரிலும் அவர்கள் குடும்பம் அமைத்து, குழந்தைகளை வளர்த்து, மொழியையும் வழிபாட்டையும் காத்த மனவலிமையைப் போதிய அளவு காணவில்லை என்பர். நியாயமான கருத்தே. எளியவருக்காக வாதாடுவோர், எளியவரின் ஆற்றலையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

1940 ஏப்ரலில் கல்கத்தாவில் ஆண்ட்ரூஸ் மறைந்தார். தோட்ட முதலாளியும் அவரும் ஓதிய வேதம் ஒன்றே. முதலாளி அதில் தனக்கு ஆறுதல் தேடினான். ஆண்ட்ரூஸ், பசித்தவனிலும் சிறைப்பட்டவனிலும் தம் இறைவனைத் தேடினார். கடல்கடந்த நாட்டின் நிறவேற்றுமையைக் கண்டு கொதிப்பது நமக்கு எளிது. நம் ஊரின் குடியிருப்பிலும், கோயிலிலும், ஆலயத்திலும், ஏன், இறந்தோரைப் புதைக்கும் இடத்திலும்கூட நின்ற சாதிச் சுவர்களைக் கண்டு கொதித்தோமா? ஆண்ட்ரூஸ் தம் இனத்தார் செய்த அநீதியையே முதலில் எதிர்த்தார். நாமும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.