நம்ம பையன் யாரு?

கல்கத்தாவில் ஒரு காலத்தில் வருடத்துக்கு இரண்டு சீசன்கள். ஒன்று கால்பந்து சீசன். இன்னொன்று, அதற்குச் சில வாரங்கள் முன்னால் வருகிற வாய்ச்சண்டை சீசன். ஆட்டம் சூடு பிடிப்பது இரண்டாவதில்தான்!

பழைய வடகல்கத்தா வீடுகளின் வாசலில் நம் ஊர்த் திண்ணை மாதிரி ஒரு மேடை இருக்கும். 'ரோக்' என்பார்கள். சாயங்காலம் ஆனால் நாலு பேர் அதில் வந்து உட்காருவார்கள். மண்குவளையில் டீ வரும். அப்புறம் ஆரம்பிக்கும். இந்த வருஷம் நம்ம கோல்கீப்பர் யாரு? போன வருஷம் சொதப்பிய டிஃபென்டரை வைத்துக்கொள்ளப் போகிறார்களா, அனுப்பப் போகிறார்களா? எதிரி கிளப் நம்ம பையனுக்கு வலை வீசுதாமே?

வீரர்கள் கிளப் மாறுவதற்கு வங்காளியில் 'தொல்பொதொல்' என்று பெயர். அரசியல்வாதி கட்சி தாவினாலும் அதே சொல்தான் என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தமெல்லாம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். அது முடிந்தால் ஆள் எந்தப் பக்கமும் தாவலாம். ஆகவே கையெழுத்துப் போடும் நாள் வரைக்கும் வீரரைக் கண்காணாத இடத்தில் கொண்டுபோய் ஒளித்து வைப்பார்கள். எதிர் கிளப்காரர்கள் மோப்பம் பிடித்து வந்து தூக்கிப் போவார்கள். சூட்டர்கின் தெருவில் ஐ.எஃப்.ஏ. அலுவலக வாசலில் கூட்டம் நெரியும். யாராவது பெரிய நட்சத்திரம் எதிரணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அன்று இரவு பல வீடுகளில் சோறு இறங்காது.

வெறும் விளையாட்டுக்கா இத்தனை அமர்க்களம்? இல்லை. அணிப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தத் திண்ணையில் அவர்கள் பேசியது வேறு விஷயம். நம்மவன் யார், அடுத்தவன் யார்?

1920-க்குப் போவோம். ஜூலை 28. கூச்பிகார் கோப்பை ஆட்டம். ஜோராபகான் என்கிற கிளப் மோகன் பகானோடு மோதுகிறது. ஜோராபகான் அணியில் சைலேஷ் போஸ் என்கிற நல்ல ஆட்டக்காரர் உண்டு. கடைசி நேரத்தில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். 'ஏன்?' என்று கேட்டார் கிளப்பின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி. ஒழுங்கான பதில் வரவில்லை. போஸ் கிழக்கு வங்காளத்துக்காரர். சௌதுரியும் அந்தப் பக்கம்தான். பட்டிக்காட்டான்தானே என்கிற இளக்காரம் அவருக்குப் புரிந்தது. ராஜினாமா செய்தார். நாலே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, புதுக் கிளப் ஒன்று பிறந்தது. பெயரிலேயே பதில் வைத்தார்கள்: ஈஸ்ட் பெங்கால்.

பதினோரு பேர் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டதற்கு ஒரு கிளப்! இதைவிடக் காஸ்ட்லியான அணித் தேர்வு உலகத்தில் நடந்திருக்குமா தெரியாது.

அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. மேற்கு வங்காளத்துப் பூர்வகுடிகள் 'கொட்டி'. அதாவது சொம்பு! கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. கொட்டிக்கு மோகன் பகான், இறால். பாங்காலுக்கு ஈஸ்ட் பெங்கால், ஹில்சா மீன். ஜெயித்த அணியின் மீனுக்கு அன்றைக்கு மார்க்கெட்டில் கிராக்கி என்பார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அணிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் கதை கந்தலாகிவிடும்.

1911-ல் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தூக்கியது மோகன் பகான். அந்தப் பதினோரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒரே ஒருவர், சுதிர் சட்டர்ஜி. மற்றவர்கள் வெறுங்கால். மேற்கு வங்காளத்தின் பெருமை என்று கொட்டிகள் இன்றைக்கும் மார் தட்டும் அணி அது. ஆனால் அதில் கிழக்கு வங்காளத்து வேர் உள்ளவர்கள் பலர். பிறகு 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் வாங்கிய டிஃபென்டர் கோஷ்ட பால் வந்தார். மோகன் பகானின் குலதெய்வம் மாதிரி. அவர் பிறந்த ஊர் ஃபரீத்பூர் பக்கம். சுத்தக் கிழக்கு! சுனி கோஸ்வாமி? 1954-லிருந்து 1968 வரை மோகன் பகானைத் தவிர இன்னொரு கிளப் சட்டையைத் தொடாதவர். பிறந்தது கிஷோர்கஞ்ச். அதுவும் கிழக்கேதான்.

எதிர்ப்பக்கம் கதை இன்னும் உக்கிரமானது. 1947-ல் நாடு பிளந்தது. கிழக்கிலிருந்து லட்சக்கணக்கான இந்துக்கள் வீடு, வயல், குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கல்கத்தாவுக்கு ஓடிவந்தார்கள். ஜாதவ்பூர், பிஜய்கட் பக்கம் காலி நிலங்களில் குடிசை போட்டார்கள். ஊர் போய்விட்டது. ஊரின் பெயர் மட்டும் ஒரு கால்பந்து கிளப்பில் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடியவர்கள் யார் தெரியுமா? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பெங்களூர், ஆந்திரா, கேரளா என்று தெற்கிலிருந்து போன ஐந்து பேர். ஒருத்தர்கூட வங்காளி இல்லை. 1949-ல் லீக், ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் அள்ளினார்கள். அடுத்த இரண்டு வருடமும் ஷீல்டு அவர்களுக்கே. ரசிகர்கள் வைத்த பெயர், பஞ்ச பாண்டவர்கள்!

கொஞ்சம் நின்று யோசியுங்கள். மதக் கலவரத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்த மக்கள். 1950-ல் மறுபடியும் ரத்தம் ஓடியது, மறுபடியும் அகதிகள் வந்தார்கள். அதே வருடம் மைதானத்தில் அந்த ஜனம் தொண்டை கிழியக் கத்திக் கொண்டாடிய ஐந்து பாண்டவர்களில் இரண்டு பேர் முஸ்லிம்கள். அவர்களை யாரும் அடுத்தவன் என்று சொல்லவில்லை. கோல் போட்டவன் எல்லாம் நம்ம பையன்.

ஆனால் அதே பையன் சட்டை மாற்றினால்? 1975 ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று துவைத்தது ஈஸ்ட் பெங்கால். தோல்வி தாங்காமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரையே மாய்த்துக்கொண்டார். அன்று இரண்டு கோல் போட்ட ஷ்யாம் தாபா, 1977-ல் மோகன் பகானுக்கே போய்ச் சேர்ந்தார்! அடுத்த வருடம் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக அந்தரத்தில் படுத்தபடி ஒரு கோல் உதைத்தார் பாருங்கள், கொட்டிகள் பழைய கணக்கை எல்லாம் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

1980-ல் ஈஸ்ட் பெங்காலுக்கே சோதனை. முக்கியமான ஆட்டக்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குப் போய்விட்டார்கள். சீசன் தலைக்கு மேலே நிற்கிறது, அணியே இல்லை. நிர்வாகிகள் தேடிப் பிடித்து அழைத்துவந்தது, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்களை. அதில் மஜீத் பிஷ்கர் 1978 உலகக் கோப்பைக்கான ஈரான் அணியில் இடம் பிடித்தவர். காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். வந்த வருடமே கல்கத்தா அவரை ராஜாவாக்கிவிட்டது. கூட வந்த இன்னொருவர் ஜம்ஷித் நஸிரி. கோல் அடிக்கிற ஜாதி.

மோகன் பகான் மட்டும் வெளிநாட்டுக்காரர்களே வேண்டாம் என்று விரதம் காத்தது. வெள்ளைக்காரனை வெறுங்காலால் ஜெயித்த கிளப் இல்லையா! 1991-ல் விரதம் முறிந்தது. அழைத்து வந்தது யாரை? அதற்கு முன் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிய நைஜீரியர் சீமா ஒகோரியை. எதிரி வீட்டு ஆள் என்பதா, வெளிநாட்டு ஆள் என்பதா... திண்ணைக்காரர்களுக்கு எதற்குக் கோபப்படுவது என்றே புரிந்திருக்காது. அவர் கோல் போட ஆரம்பித்ததும் அந்தப் பிரச்னையும் தீர்ந்தது.

2022 ஜனவரி 29. இரண்டு கிளப்பும் ஐ.எஸ்.எல்.லுக்கு வந்துவிட்ட காலம். மோகன் பகான் அப்போது ஏ.டி.கே. மோகன் பகான். கொரோனா காரணமாகக் கூட்டமில்லாத கோவா மைதானத்தில் ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் முதலில் கோல் போட்டு முன்னால் நிற்கிறது. இரண்டாம் பாதியில் மோகன் பகான் மாற்று ஆட்டக்காரராக 21 வயதுப் பையன் ஒருவனை இறக்கியது. மூன்று கோல்! 3-1. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த பையன். பெயர் கியான். அப்பா பெயர், ஜம்ஷித் நஸிரி.