பச்சை நிலைப்பது ஏன்?

செத்தபின் உடன் வருவது பச்சை ஒன்றே என்று நம் பாட்டிமார்க்குக் கற்பித்தனர். சுடலையில் தோலோடு எரிவது எங்ஙனம் உடன் வரும்?

சென்னை அருங்காட்சியகத் தலைவர் தர்ஸ்டன் 1898இல் பச்சை குத்துதல் பற்றி எழுதினார். மஞ்சளும் அகத்தியும் சேர்த்த திரியின் புகைக்கரியை ஊசியால் ஏற்றிய குறவர் மகளிர், பின்னர் மஞ்சளும் எண்ணெயும் தடவினர். ஏடறியாக் கைகள்தாம், ஆயினும் புண்ணைப் புண்ணென்றே அறிந்த கைகள்!

ஜவ்வாது மலையில் குத்தினும் சென்னையில் குத்தினும் நாம் காண்பது ஒன்றே: முதலில் சிவப்பு, வீக்கம், பிறகு பொருக்கு, அரிப்பு, இரண்டு மூன்று வாரங்களில் மேல்தோல் ஆறும். பொருக்கைப் பிய்த்தால் மை குலையும். சிவப்பு பரவிச் சீழும் காய்ச்சலும் கண்டால் மந்திரிப்பவனையன்று, மருத்துவரை நாடுக.

மையை விழுங்கி வைத்திருப்பவை தோலின் காவல் உயிரணுக்கள். ஒன்று மடிந்தால் அடுத்தது அதை ஏந்துகிறது. 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர் எலிகளிடம் கண்ட உண்மை இது.