கிரிப்டோ நாணயம் – இலங்கை நெருக்கடியில் (2022)

ரூபாய் சரிந்தபோது சேமிப்பைக் காக்கச் சிலர் நாடிய வழி. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. செப்டம்பரில் கொழும்பில் ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காடு. மாதத்துக்கு 50 விழுக்காடு என்னும் மிகைப்பணவீக்க வரையறையை அது எட்டவில்லை. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு அதில் ஆறுதல் ஏதுமில்லை.

பிட்காயின் கைகொடுக்கவில்லை. மார்ச் தொடக்கத்தில் 40,000 டாலரை ஒட்டியிருந்த அதன் விலை ஜூனில் 20,000க்குக் கீழே போனது. சரிந்த ரூபாயில் கணக்கிட்டாலும் நட்டமே. டாலரோடு பிணைக்கப்பட்ட டெதர் என்னும் கிரிப்டோ நாணயம் மதிப்பைக் காத்தது. ஆனால் அதற்குக் கைபேசியும் இணையமும் வேண்டும். மார்ச் இறுதியில் மின்வெட்டோ நாளுக்கு 13 மணிநேரம். மெய்நிகர் நாணயம் சட்டமுறைப் பணமன்று என இலங்கை மத்திய வங்கி ஜூலையில் மீண்டும் எச்சரித்தது. சாதாரணக் குடும்பங்களைத் தாங்கியவை நகையும் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணமுமே.