கடதாசியில் வேய்ந்த கூரைகள்



வீதியிற் செல்லும் ஒருவன் ஒரு வீட்டின் சுவரையும் வாயிலையும் சாளரத்தையும் காண்கிறான். கூரை அவன் கண்ணிற் படுவது அண்ணாந்து பார்க்கும்போதுதான். மேசைமீது அமைக்கப்பட்ட ஒரு சிற்றூரைப் பார்ப்பவனுடைய நிலையோ வேறு. அவன் பறவையைப் போல மேலிருந்து நோக்குகிறான். அவனுக்கு முதலில் தெரிவது கூரை. சுவர் அதன் கீழே பாதி மறைந்து கிடக்கிறது. புகையிரதங்களையும் அவற்றின் பாதைகளையும் நிலையங்களையும் அளவு பிசகாமற் சிறிதாக்கிச் செய்யும் கலை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலரை ஆட்கொண்டிருக்கிறது. அக்கலையிற் பழகியவர்கள், எஞ்சின் எவ்வளவு திருத்தமாயிருந்தாலும் கூரை பொய்த்தால் ஊர் முழுவதும் பொம்மையாகிவிடும் என்பார்கள். அச்சிறு கூரைகளின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன். மெய்யான கூரைகள் எவ்வாறு மறைந்தன என்பதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

தொடக்கத்தில் இது விளையாட்டுப் பொருள் வணிகமாகவே இருந்தது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டில் லைப்சிக் சந்தையில், தண்டவாளங்களின் அகலத்தை ஒழுங்கு செய்து, ஒன்றுடன் ஒன்று பொருந்தும் புகையிரதத் தொகுதிகளை அறிமுகம் செய்தனர். அவர்கள் விற்ற நிலையங்கள் தகரத்தினால் ஆனவை. கூரையும் தகரமே, ஓடுகள் அதன்மேல் வர்ணத்தினால் தீட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் உள்ளே சிறு மெழுகுதிரி ஏற்றி வைக்கவும் வசதி உண்டு. இங்கிலாந்தில் 1920இல் ஹோர்ன்பி புகையிரதங்கள் வெளிவந்தபோதும் நிலையக் கட்டடங்கள் அச்சிட்ட தகரமாகவே இருந்தன. குழந்தைக்கு அதுவே போதும். அதிற் குறை காண்பதற்கு இடமில்லை.

வளர்ந்தவர்கள் இக்கலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டபோதுதான் கூரைக்கு மதிப்பு வந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் ஒரு புதிய அளவு பரவியது. மெய்யான ஓரடி நீளம் மாதிரியில் நான்கு மில்லிமீற்றர். அஃதாவது ஏறக்குறைய எழுபத்தாறில் ஒரு பங்கு. ஓரங்குலம் என்பது ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒன்று. இந்த அளவில், ஒரு சாப்பாட்டு மேசையின் பரப்பில் நிலையத்தையும் தேவாலயத்தையும் நாலைந்து வீடுகளையும் அடக்கிவிடலாம். இலண்டனிற் காப்புறுதித் தொழில் செய்துவந்த ஜோன் அஹேர்ன் என்பவர் 1930களில் மாடர் பள்ளத்தாக்கு என்ற கற்பனை ஊரொன்றைக் கட்டத் தொடங்கினார். ஊர் கற்பனையாயினும் அதன் கட்டடங்கள் பல, மெய்யாகவே உள்ள கட்டடங்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை. பிறர் எஞ்சினையே கதாநாயகனாக வைத்த காலத்தில், மண்ணும் மரமும் வீடும் அதற்கு நிகரானவை என்று அவர் செய்து காட்டினார். மட்டையையும் மரத்தையும் கொண்டு சிறு கட்டடங்கள் அமைக்கும் முறையை நூலாகவும் எழுதினார். அவர் 1961இல் மறைந்தார். அவருடைய மாடர் பள்ளத்தாக்கு, சற்றுப் பின்னர் நான் குறிப்பிடப்போகும் பென்டன் நூதனசாலையிற் பாதுகாக்கப்படுகின்றது.

இனி மெய்யான கூரைகளுக்கு வருவோம். இங்கிலாந்தின் பழைய சிற்றூர்களில், கூரையைப் பார்த்தே எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். காலடியில் எது கிடைத்ததோ அதுவே தலைக்குமேல் ஏறியது. கோதுமை விளையும் இடத்தில் வைக்கோல். களிமண் உள்ள இடத்திற் சுட்ட ஓடு. அந்த ஓட்டின் அளவு பத்தரை அங்குல நீளமும் ஆறேகால் அங்குல அகலமும் இருக்கவேண்டுமென்று நான்காம் எட்வேர்ட் மன்னன் காலத்தில், 1477ஆம் ஆண்டில், சட்டமே இயற்றினர். ஒக்ஸ்போர்ட் மாவட்டத்து ஸ்டோன்ஸ்பீல்ட் என்னும் ஊரில் நடந்தது இன்னும் விந்தையானது. அங்கே சுண்ணாம்புக் கல்லை நிலத்தடியிலிருந்து தோண்டி எடுத்து, குளிர்காலத்தில் வெளியிற் பரப்பி, ஈரம் உலராமற் காத்து வைப்பார்கள். உறைபனி விழுந்ததும் கல்லின் ஈரம் பனிக்கட்டியாகிப் பருத்து, கல்லைத் தகடு தகடாகப் பிளந்துவிடும். உளி செய்யவேண்டிய வேலையை வானிலை செய்தது. அவ்வாறு பெற்ற கற்களுட் பெரியவற்றை இறவாரத்திலும் சிறியவற்றை முகட்டை நோக்கியும் படிப்படியாக அடுக்குவர்.

இந்த வேற்றுமைகளைக் கலைத்தவற்றுள் முதன்மையானது புகையிரதமே. வேல்ஸ் நாட்டு மலைகளில் மெல்லிய, இலேசான, நீர் ஏறாத சிலேட்டுக் கல் ஏராளமாகக் கிடைத்தது. அதைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென்றே பென்ரின் கற்சுரங்கப் பாதை 1801இலும், பெஸ்டினியோக் சிறுபாதை 1836இலும் திறக்கப்பட்டன. பின்னர் நாடெங்கும் பெரும்பாதைகள் பரவவே, எங்கோ மலையில் வெட்டிய கல், உள்ளூர் ஓட்டைவிட மலிவாக எந்த ஊருக்கும் வந்து சேர்ந்தது. புகையிரதக் கம்பனிகள் தம் நிலையங்களுக்கும் எஞ்சின் கொட்டகைகளுக்கும் அதையே வேய்ந்தன. கல்லின் அளவுகளுக்கு இட்ட பெயர்கள் வேடிக்கையானவை. இருபத்துநான்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு உள்ளது ‘டச்சஸ்’. இருபதுக்குப் பத்து ‘கவுண்டஸ்’. பதினாறுக்கு எட்டு ‘லேடி’. உயர்குடிப் பெருமாட்டிகள் எல்லோரையும் மழையில் நனையவிட்ட பெருமை சுரங்கக்காரருக்கே உரியது! சிலேட்டைத் தொடர்ந்து வந்தது நெளிதகரம். இலண்டன் துறைமுகப் பொறியியலாளர் ஹென்றி பாமர் 1829இல் அதற்குரிய உரிமத்தைப் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஸ்பெஸ்டஸ் தகடும் சேர்ந்துகொண்டது. வைக்கோற் கூரை பழுதுற்றபோது அதைத் திருத்துவதிலும் பார்க்கத் தகரம் போடுவது எளிதாயிற்று. குடியிருந்தவர்களைக் குற்றஞ்சொல்ல முடியாது. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்வது அவர்களேயன்றி அழகை இரசிப்பவர்களல்லர்.

இத்தகைய மாற்றத்தைக் கண்டு மனம் பதைத்தவர் றோய் இங்கிலண்ட் என்னும் அவுஸ்திரேலியர். (நாட்டின் பெயரே அவருடைய குடும்பப் பெயராக வாய்த்தது தற்செயல்.) அவர் 1925இல் இங்கிலாந்துக்கு வந்தார். ஸ்விண்டனுக்குக் கிழக்கே வெண்பரிப் பள்ளத்தாக்கு என்றொரு நிலப்பகுதி உண்டு. சுண்ணாம்புக் குன்றொன்றின் சரிவிற் பண்டைக்காலத்தில் வெட்டப்பட்ட வெள்ளைக் குதிரை உருவமே அதற்குப் பெயர் தந்தது. இலண்டனையும் பிரிஸ்டலையும் இணைத்து 1841இல் முழுமையடைந்த கிரேட் வெஸ்டேர்ன் பாதை அதனூடாகவே செல்கின்றது. அப்பாதையின் எஞ்சின்களிற் காதல் கொண்டு வந்த இளைஞர், அதன் இருமருங்கிலும் உள்ள குடில்கள் தம் கண்முன்னே உருமாறுவதைக் கண்டார். தடுக்கும் வல்லமை அவருக்கு இல்லை. அளந்து, வரைந்து, அப்படியே சிறிதாகச் செய்து வைத்துவிடுவது என்று உறுதி பூண்டார். 1954இல் லோங் விட்டன்ஹம் என்ற ஊரில் அவர் தொடங்கியதே பென்டன் நூதனசாலை. பள்ளத்தாக்கு 1930களை ஒட்டிய காலத்தில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அங்கே எழுந்து வருகிறது. இங்கிலண்ட் 1995இற் காலமானார். வேலையைத் தொண்டர்கள் தொடர்கிறார்கள். ஒரு குடிலுக்கு ஓராண்டுக்கு மேற் செல்வதும் உண்டு.

இங்கே ஒரு முரணைக் கவனிக்கவேண்டும். ஊர்க் கூரைகளை ஒருநிறமாக்கியது புகையிரதம். எஞ்சிய கூரைகளை அளந்து பதிந்து வைத்தவர்களோ புகையிரதப் பித்தர்கள்.

அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? இரகசியம் தடிப்பிலே உள்ளது. சிலேட்டுக் கல்லின் தடிப்பு ஏறக்குறையக் கால் அங்குலம். நமது அளவில் அது ஒரு மில்லிமீற்றரின் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாம் கடிதம் எழுதும் கடதாசியின் தடிப்பும் ஏறத்தாழ அதுவே. ஆகவே சிலேட்டைச் செய்வதற்குக் கடதாசியைவிடச் சிறந்த பொருள் இல்லை. கடையில் விற்கும் புடைப்பு மட்டைகளிற் பல இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடுகின்றன. அவற்றின் ஓரத்தை அளந்து பார்த்தால் இரண்டங்குலத் தடிப்புள்ள கல் என்று பொருள்படும்.

‘கவுண்டஸ்’ கல்லின் அகலம் மாதிரியில் மூன்றேகால் மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். மேல் வரிசை மூடியதுபோக வெளியே தெரியும் உயரம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. கூரையின் அடித்தளமான மட்டையில் அந்த இடைவெளியில் கோடுகள் இழுத்து, நீண்ட கடதாசிப் பட்டிகளைக் கல்லின் அகலத்துக்கேற்ப அரைவாசி வரை வெட்டி, இறவாரத்திலிருந்து முகட்டை நோக்கி ஒட்டிச் செல்லவேண்டும். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசைக்கு அரைக் கல் விலகியிருக்கவேண்டும். இல்லாவிடில் மெய்க் கூரையில் மழை உள்ளே இறங்கிவிடும் அல்லவா? இருபதடி நீளமும் பக்கமொன்றுக்குப் பன்னிரண்டடிச் சரிவும் உள்ள ஒரு சிறு கொட்டகைக்கு இவ்வாறு எண்ணூறு கற்கள் வரை தேவைப்படும். பசையின் ஈரம் மட்டையை வளைத்துவிடும் என்பதால், ஒட்டத் தொடங்குமுன்னரே உட்புறத்தில் குறுக்குத் தாங்கிகள் பொருத்துவது அறிவுடைமை.

வர்ணம் பூசுவதிலேதான் பலர் தவறுகிறார்கள். சிலேட்டு கறுப்பு என்று நினைத்துக் கறுப்பைப் பூசுவார்கள். சற்றுத் தொலைவிலுள்ள கூரையைக் கூர்ந்து பாருங்கள். வானத்தின் ஒளி படிந்து அது நீலஞ்சேர்ந்த சாம்பல் நிறமாகவே தோன்றும். கற்கள் எல்லாம் ஒரே நிறமும் அல்ல. நீர்வர்ணத்தை மிக மெல்லியதாகப் பலமுறை பூசி, அங்குமிங்கும் ஒரு கல்லைச் சற்று வெளிறவிட்டு, ஒன்றை மட்டும் வழுக்கி இறங்கியதாக வைத்தாற் போதும். எஞ்சின் கொட்டகையாயின், புகை வெளியேற முகட்டில் அமைந்த வாயில்களைச் சுற்றிப் புகைக்கரி படிந்திருக்கவேண்டும். பழைய கற்கூரையின் பாரத்தினால் கைமரங்கள் தளர்ந்து, முகடு நடுவிற் சிறிது தாழ்ந்திருக்கும்; அந்தத் தாழ்வு மயிரிழை மிகுந்தாலும் வீடு சூனியக்காரியின் குடிசையாகிவிடும். இந்தக் கட்டுப்பாடே இக்கலையில் அரியது என்பது என் எண்ணம்.

வைக்கோற் கூரை இதனினும் கடினம். அது நமது கிடுகுக் கூரைபோல மெல்லியதன்று. ஓரடித் தடிப்புக்கு மேலும் இருக்கும். கத்தரித்த இறவாரத்தில் அத்தடிப்பு நன்றாகத் தெரியவேண்டும். நீர்க்குழாய் பொருத்துவோர் மூட்டுகளிற் சுற்றும் சணல்நாரைச் சீவிப் பிரித்து, சிறு சிறு பிடிகளாக்கி, கூரை வேய்பவர் செய்யும் அதே ஒழுங்கில் கீழிருந்து மேலாக ஒட்டுகிறார்கள். புதிதாக வேய்ந்தது பொன்னிறமாயிருக்கும். சில ஆண்டுகளிற் சாம்பல் பூத்துவிடும். எதைச் செய்கிறோம் என்பதை முன்னரே தீர்மானிக்கவேண்டும். வெட்டுவதையும் சூடடிப்பதையும் ஒன்றாகச் செய்யும் இயந்திரங்கள் வைக்கோலை நொறுக்கிவிடுவதாலும், குட்டையான கோதுமை இனங்கள் பரவியதாலும், மெய்யான கூரைக்கு வேண்டிய நீண்ட வைக்கோலே இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அருமையாயிற்று. நன்றாகச் செய்த ஒரு மாதிரி, வேய்ந்தவனின் கைமுறையையும் சேர்த்தே பாதுகாக்கின்றது.

இனி ஒரு சங்கடமான கேள்வி. 1930களின் ஊரைச் செய்பவர் அக்காலத்து நெளிதகரக் கொட்டகைகளையும் செய்யவேண்டுமா? செய்யத்தான் வேண்டும். இங்கிலண்டை வேதனைப்படுத்திய பொருள்களும் அந்த ஆண்டுகளில் அங்கே இருந்தன. அவற்றை விலக்கினால் அது பதிவாகாது, வாழ்த்து அட்டையாகிவிடும். நெளிதகரத்தின் ஒரு நெளிவு மூன்று அங்குலம். மாதிரியில் ஒரு மில்லிமீற்றர். வரி வெட்டிய அச்சின்மேல் மெல்லிய உலோகத் தாளை வைத்து அழுத்தி, தகடு தகடாக நறுக்கி, ஒன்றன் ஓரத்தின்மேல் மற்றொன்று படியுமாறு ஒட்டுவார்கள். ஆணி அறைந்த இடங்களிலிருந்து கீழ்நோக்கிச் செந்நிறத் துரு சிறிது வழிந்திருக்கவேண்டும்.