சுவருக்குள் மறைந்த குழாய்கள்

பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படும்போது, கொத்தனாரின் உளி சில வேளைகளில் எதிர்பாராத பொருளொன்றில் மோதி நிற்பதுண்டு. சுண்ணாம்புக் காரையை அகற்றிப் பார்த்தால், எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என எவரும் அறியாத குழாயொன்று தென்படும். வீட்டுக்காரரும் அறியார், முன்பு குடியிருந்தவரும் அறியார். 'அறுத்து எறியுங்கள்' என்று சொல்லுமுன் நாம் சற்றே பொறுத்தல் வேண்டும். மறக்கப்பட்ட குழாய் வேறு. பயனற்றுப்போன குழாய் வேறு.

இதற்குக் கல்கத்தா நகரமே தக்க சான்று. இன்று கொல்கத்தா எனப் பெயர் பூண்டுள்ள அம்மாநகரில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள பழைய வீடுகளின் சுவர்களில் மூவகைக் குழாய்கள் புதைந்திருத்தல் கூடும்.

முதலாவது, வாயுக் குழாய். ஓரியண்டல் காஸ் கம்பெனி 1853ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1857இல் கல்கத்தா வீதிகளில் வாயு விளக்குகள் ஒளிவீசத் தொடங்கின. நிலக்கரியைக் காற்றுப் புகாத கலங்களில் இட்டுச் சூடேற்றி, வெளிப்படும் வாயுவைத் தூய்மை செய்து, நிலத்தடிக் குழாய்களின் வழியே அனுப்பினர். செல்வர் இல்லங்களிலும் அது புகுந்தது. 1899இல் எமாம்பாக் சந்தில் மின்னிலையம் இயங்கத் தொடங்கியபின், விளக்கின் இடத்தை மின்சாரம் மெல்ல மெல்லக் கைப்பற்றியது. ஆயினும் சுவரிலிருந்த குழாயைப் பிடுங்குவார் யார்? மேலே காரை பூசி மறைப்பதே எளிதாயிற்று. வாயுவும் உடனே மறைந்துவிடவில்லை. அடுப்புகளுக்கும் தொழில்களுக்கும் அது தொடர்ந்து பயன்பட்டது. அந்நிறுவனத்தைக் கையேற்க 1960இல் மேற்கு வங்கம் சட்டமே இயற்றியது.

இரண்டாவது, குடிநீர்க் குழாய். நகருக்கு வடக்கே பல்டாவில் ஹூக்ளி நீரை வடிகட்டி, 1870ஆம் ஆண்டு முதல் நாளொன்றுக்கு அறுபது இலட்சம் காலன் அளவில் நகருக்கு அனுப்பினர். தொடக்கத்தில் நீரின் அழுத்தம் குறைவு, மேல்மாடிக்கு ஏறாது. 110 அடி உயரத்தில் தொண்ணூறு இலட்சம் காலன் கொள்ளும் தாலா நீர்த்தொட்டி 1911இல் திறக்கப்பட்ட பின்னரே அக்குறை பெரிதும் தணிந்தது.

மூன்றாவதே நாம் சிறப்பாகக் கருத்திற் கொள்ளவேண்டியது. வடிகட்டிய நீர் விலை மிக்கது. வீதி கழுவவும், தீயணைக்கவும், கழிப்பிடங்களுக்கும் அதனைச் செலவிடுதல் வீண் என எண்ணி, வடிகட்டாத ஆற்றுநீரைத் தனிக் குழாய்களில் ஓடவிட்டனர். ஆகவே ஒரே வீட்டில் இருவகை நீர் பாய்ந்தது. ஒன்று உயிர் காப்பது. மற்றொன்று உயிருக்கே ஊறு விளைக்க வல்லது. 1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் காலராக் கிருமியை ஆராய்ந்து உறுதிசெய்தது இக்கல்கத்தாவிலேதான் என்பதை நினைத்தால், இவ்வேறுபாட்டின் பெருமை விளங்கும். பழுது பார்ப்போன் அறியாமல் இவ்விரு குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துவிடின், பல்டாவில் வடிகட்டிய பாடெல்லாம் அவ்வீட்டளவில் பாழாகும்.

எனவே, இனந்தெரியாக் குழாய் ஒன்று தென்பட்டால் நாம் செய்யத்தக்கவை சில. தீக்குச்சி கிழித்து அதன் அருகே பார்த்தல் கூடாது, அறுத்தலும் கூடாது. முதலில் அதன் போக்கை நோக்குக. கூரையின் நடுவிலோ, சுவரில் ஆளுயரத்திலோ சென்று முடிவது விளக்குக்குரிய வாயுக் குழாயாய் இருக்கலாம். கழிப்பிடத்தை மட்டும் நாடிச் செல்வது ஆற்றுநீர்க் குழாயாய் இருக்கலாம். கத்தியால் இலேசாகச் சுரண்டினால் வெள்ளிபோல் மின்னி, காந்தத்திலும் ஒட்டாத மென்மையான குழாய் ஈயக் குழாயாய் இருத்தல் கூடும். ஈயம் நஞ்சு, சிறு குழந்தைகளுக்கு மிகக் கொடிது. அதன்வழி வரும் நீரைப் பருகலாகாது. ஐயம் தீரும்வரை நகராட்சியாரையோ தேர்ந்த குழாய்ப் பணியாளரையோ கலந்து கொள்வதே அறிவுடைமை.

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம், பிறர் கட்டிய வீடுகளிலேயே பெரும்பாலும் குடியேறுகிறோம். அச்சுவர்களின் வரலாறு நமக்கு எவரும் சொல்லித் தந்ததன்று. நாமே கேட்டறிய வேண்டியது. அயல்வீட்டு முதியவரிடம் கேட்கும் ஒரு கேள்வி, நம் வீட்டாரின் நலனைக் காக்கும். நாம் வாழும் நகரையும் நமக்கு உரியதாக்கும்.